அவங்க ‘தப்பு’க்கும் ரூல் இருக்கு: டீச்சர் பதில்கள்

போன இதழ்ல ஒருத்தர் "இங்கிலீஷ்காரங்களே கிராமரைத் தப்பாப் பேசுறாங்களே டீச்சர், நாம மட்டும் ஏன் மாங்கு மாங்குன்னு படிக்கணும்?"னு கேட்டிருந்தாரு. நானும் இடம் பத்தாம "அது தப்பு இல்ல, அவங்க ஊர் பேச்சு"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டேன். அதுக்கு வந்திருக்கு பாருங்க கேள்வி, பாதி பேர் சண்டைக்கே வந்துட்டீங்க. அதனால இந்த தடவை முழுக்க அதுதான். பேரெல்லாம் எடுத்துட்டேன், ஆபீஸ் விஷயம் நிறைய பேர் எழுதியிருக்கீங்க, எதுக்கு வம்பு.

டீச்சர், நான் அயர்லாந்துல கார்க் நகரத்துல நர்ஸ். சேர்ந்த முதல் மாசம் கூட வேலை பாக்குற அக்கா ஒரு பெரியவரைக் காட்டி "ஐயாம் ஆஃப்டர் கிவிங் ஹிம் ஹிஸ் டேப்லெட்ஸ்"னு சொன்னாங்க. குடுக்கப் போறாங்க போலன்னு நினைச்சு, அவங்க பிசியா இருக்காங்களேன்னு நானே எடுத்துக் குடுக்கப் போயிட்டேன். சார்ட்ல அஞ்சு நிமிஷம் முன்னாடி கையெழுத்து இருந்ததைப் பாத்ததும் கை நடுங்கிருச்சு. இது என்ன இங்கிலீஷ்?

சார்ட்டைப் பாத்தீங்களே, அது போதும். நீங்க மட்டும் இல்லம்மா, லண்டன்காரங்களே இந்த வாக்கியத்துல தடுக்கி விழுவாங்க. அவங்க காதுக்கு "ஆஃப்டர்"னா எதையோ துரத்திட்டுப் போற மாதிரி, இனிமே செய்யப் போற மாதிரி கேக்கும். அயர்லாந்துல அதுக்கு நேர் எதிர் அர்த்தம், "இப்பத்தான் குடுத்துட்டு வர்றேன்". அந்த "இப்பத்தான்" ரொம்ப முக்கியம், சூடு ஆறாத செய்தியைச் சொல்லத்தான் பெரும்பாலும் இந்த ஃபார்ம் வரும்.

எங்கேர்ந்து வந்துச்சுன்னா, ஐரிஷ் மொழியில ஹேவ் போட்டு பெர்ஃபெக்ட் டென்ஸ் பண்ற வழக்கமே கிடையாது. "தார் ஏஷ்"னு ஒரு சொல் இருக்கு, "பிறகு"ன்னு அர்த்தம், நான் குடுத்ததுக்குப் பிறகு இருக்கேன்ங்கிற மாதிரி கட்டுவாங்க. மக்கள் ஐரிஷ்லேர்ந்து இங்கிலீஷுக்கு மாறினப்ப வார்த்தைதான் மாறுச்சு, உள்ளே எலும்புக்கூடு அப்படியே இருந்துருச்சு. நாம "குடுத்துட்டேன்"ல ஒரு "ட்டு" போட்டு வேலை முடிஞ்சுதுன்னு காட்டுறோமே, அந்த வேலையை அவங்களுக்கு ஆஃப்டர் பாக்குது.

அங்க இருக்கிறதால இன்னும் ரெண்டு காதுல வாங்கி வச்சுக்கோங்க. "வில் ஐ ஓபன் த விண்டோ?"ன்னு கேட்டா எதிர்காலத்தைப் பத்தி ஜோசியம் கேக்கல, "ஜன்னலைத் திறக்கட்டுமா?"ன்னு கேக்குறாங்க. இங்கிலாந்துல இதுக்கு ஷல் போடுவாங்க, அயர்லாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் வில்தான். ரெண்டாவது, "ஹி டஸ் பி கம்ப்ளெய்னிங்"னா வழக்கமா புலம்புவாரு, தினமும் இதே கதைன்னு அர்த்தம், இந்த நிமிஷம் புலம்புறாரா இல்லையான்னு அதுல இல்ல. பேஷன்ட்டைப் பத்தி ஒருத்தர் இப்படி சொன்னா "இப்ப வலிக்குதா, இல்ல எப்பவுமே உள்ளதா?"ன்னு நீங்க தனியாக் கேட்டுக்கணும்.

எங்க க்ளையன்ட் பிட்ஸ்பர்க்காரர். மெயில்ல "திஸ் ரிப்போர்ட் நீட்ஸ் ஃபிக்ஸ்ட்"னு எழுதுறார். நீட்ஸ் டு பி ஃபிக்ஸ்ட்னுதானே வரணும்? எங்க டீம் லீட் "அவசரத்துல டு பி விட்டுட்டார்"ங்கிறார். ஆனா மனுஷன் ஒவ்வொரு மெயில்லயும் விடுறாரே!

உங்க சந்தேகம்தான் சரி, டீம் லீட் சொன்னது தப்பு. ஒருத்தர் அவசரத்துல ஒரு தடவை விடலாம், மூணு மாநிலம் சேந்து முன்னூறு வருஷமா அவசரத்துல இருக்க முடியுமா?

இது ஸ்காட்லாந்து சரக்கு. அங்கேர்ந்து வட அயர்லாந்துல அல்ஸ்டர் பக்கம் குடியேறினவங்க, 18-ஆம் நூற்றாண்டுல கூட்டம் கூட்டமா கப்பலேறி பென்சில்வேனியா போனாங்க, அந்த பரம்பரையைத்தான் ஸ்காட்ச்-ஐரிஷ்னு சொல்றது. அவங்க போய் உக்காந்த பாதையிலயே இந்த வாக்கியமும் உக்காந்துருச்சு: மேற்கு பென்சில்வேனியா, ஒஹையோ, இண்டியானா, அந்தப் பட்டை. பிட்ஸ்பர்க் அதுக்கு நடு வீடு மாதிரி. இன்னிக்கும் கிளாஸ்கோ, பெல்ஃபாஸ்ட், பிட்ஸ்பர்க் மூணு ஊர்லயும் "த கார் நீட்ஸ் வாஷ்ட்"னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, நியூயார்க்ல சொன்னா என்ன சொன்னேன்னு கேப்பாங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. நீட் மட்டும் இல்ல, வான்ட், லைக் ரெண்டுக்கும் இது வரும். "த பேபி வான்ட்ஸ் ஃபெட்", "த கேட் லைக்ஸ் பெட்டட்". ஆனா எல்லாருக்கும் மூணும் வராது. லைக் போட்டு பேசுறவங்க வான்ட்டும் நீட்டும் ஏத்துப்பாங்க, வான்ட் போடுறவங்க நீட் ஏத்துப்பாங்க, நீட் மட்டும் போடுறவங்களுக்கு மத்த ரெண்டும் காதுல இடிக்கும். படிக்கட்டு மாதிரி. யாரும் இதைப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கல, ரூல் புஸ்தகத்துல எழுதவும் இல்ல, வாயிலேயே வரிசை நிக்குது.

சரியாப் பாத்தா இந்த வாக்கியம் நமக்குத்தான் ரொம்ப ஈஸியா இருக்கணும். "கார் கழுவணும்", "ரிப்போர்ட் திருத்தணும்". காரு தானா கழுவிக்குமான்னு யாராவது நம்மளைக் கேக்குறாங்களா? நீங்க பதில் எழுதும்போது மட்டும் "நீட்ஸ் டு பி ஃபிக்ஸ்ட்"னே எழுதுங்க. அவருக்கும் புரியும், சிசியில இருக்கிற மத்தவங்களுக்கும் புரியும்.

கெட், காட்னு சொல்லிட்டு அடுத்து வர்ற காட்டன்ங்கிற வார்த்தை சரியா தப்பா, ஒரே வார்த்தையில சொல்லுங்க டீச்சர்.

சரி.

ஒரே வார்த்தையில சொல்லிட்டேன், இப்ப என் மானம் போன கதையைக் கேளுங்க. வேலைக்கு சேந்த புதுசுல ஒரு பையன் "ஹி ஹேஸ் காட்டன் பெட்டர்"னு எழுதியிருந்தான், நான் சிவப்பு மையில வட்டம் போட்டு, பக்கத்துல "இது என்ன பருத்தியா?"ன்னு வேற கிண்டலா எழுதிட்டேன். அவன் அமெரிக்காவுல படிச்சிட்டு வந்த பையன். மறுநாள் டிக்‌ஷனரியோட வந்து நின்னான், பெஞ்ச் மேல ஏறாத குறையா நான்தான் நின்னேன்.

விஷயம் என்னன்னா கெட் - காட் - காட்டன்தான் பழசு. இங்கிலாந்துலயும் ஒரு காலத்துல அதுதான் இருந்துச்சு, 18-ஆம் நூற்றாண்டு வாக்குல அங்க மெதுவாத் தேஞ்சு போச்சு, அதுக்கு முன்னாடியே கப்பலேறினவங்க அமெரிக்காவுல பத்திரமா வச்சிருக்காங்க. ஃபர்காட்டன்ல இன்னும் ஒட்டிட்டு இருக்கு பாருங்க, அதை எந்த லண்டன்காரரும் தப்புன்னு சொல்றதில்ல. அமெரிக்கர் ரெண்டையும் தனித்தனியா வேலை வாங்குவார்: "ஐ ஹேவ் காட் எ கார்"னா எங்கிட்ட கார் இருக்கு, "ஐ ஹேவ் காட்டன் எ கார்"னா வாங்கிட்டேன். "ஐ ஹேவ் காட் டு கோ"ன்னா போயே ஆகணும், "ஐ ஹேவ் காட்டன் டு கோ"ன்னா போற வாய்ப்பு கிடைச்சுது. பிரிட்டிஷ்ல ரெண்டு அர்த்தத்தையும் ஒரே காட் சுமக்குது, இடம் பாத்துப் புரிஞ்சுக்கணும்.

"டிட் யூ ஈட் யெட்?" – யெட் வந்தா ஹேவ் போடணும்னு நீங்கதானே போன வருஷம் எழுதினீங்க?

எழுதினேன், பிரிட்டிஷ் கணக்குக்கு. ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் மூணுக்கும் அவங்க "ஹேவ் யூ ஈட்டன் யெட்"னு பெர்ஃபெக்ட் போடுவாங்க, அமெரிக்கப் பேச்சுல சிம்பிள் பாஸ்ட் போதும். எழுத்துல அமெரிக்கர்களும் ஹேவ் போடுறது உண்டு. ரெண்டும் சரி.

என் பேரன் அட்லாண்டாவுல படிக்கிறான். அவன் ஃபிரெண்ட்ஸ்கூட போன்ல பேசும்போது "ஷி பி வொர்க்கிங்"னு சொன்னான். இஸ் எங்கேடா போச்சுன்னு கேட்டேன், சிரிக்கிறான். காசு கட்டிப் படிக்க வச்சு இப்படியா? நான் 30 வருஷம் இங்கிலீஷ்ல ஃபைல் எழுதினவன்.

ஐயா, கோவிச்சுக்காம கேளுங்க. அங்க இஸ் தொலைஞ்சு போகல. ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் வீட்டுல பேசுற இங்கிலீஷ்ல "ஷி வொர்க்கிங்"னு ஒண்ணு இருக்கு, "ஷி பி வொர்க்கிங்"னு ஒண்ணு இருக்கு. முதல்ல சொன்னது இப்ப வேலை பாத்துட்டிருக்கா. ரெண்டாவது, வழக்கமா வேலைக்குப் போறவ, இந்த நேரம் தூங்கிட்டுக்கூட இருக்கலாம். அதனாலதான் "ஷி பி வொர்க்கிங் ரைட் நவ்"னு சொன்னா அந்த பேச்சு பேசுறவங்களுக்கே சிரிப்பு வரும். வேணும்னா "ஷி பி வொர்க்கிங் சண்டேஸ்"னு சொல்லலாம். இல்லைன்னு சொல்ல "ஷி டோன்ட் பி வொர்க்கிங்". நீங்க எழுதின ஃபைல்ல "ஷி இஸ் வொர்க்கிங்"னு ஒரு வரி இருந்தா அது இப்பவா, இந்த மாசம் முழுக்கவான்னு வாக்கியத்தை மட்டும் வச்சு சொல்ல முடியாது. அவங்களால முடியும்.

இதை சின்னப் பிள்ளைங்ககிட்டயே சோதிச்சுப் பாத்திருக்காங்க. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ஜேனிஸ் ஜாக்சன்ங்கிற ஆராய்ச்சியாளர் பிள்ளைங்களுக்கு ஒரு படம் காட்டுறாங்க. குக்கி மான்ஸ்டர்னு ஒரு டிவி பொம்மை, பேருக்கேத்த மாதிரி எப்பவும் பிஸ்கட்டை அள்ளி அள்ளி வாயில போடும், அந்தப் படத்துல அது உடம்பு சரியில்லாம படுத்திருக்கு. பக்கத்துல எல்மோன்னு இன்னொரு பொம்மை பிஸ்கட் தின்னுட்டிருக்கு. "ஹூ இஸ் ஈட்டிங் குக்கீஸ்?"னு கேட்டா எல்லாப் பிள்ளையும் எல்மோவைக் காட்டுது. "ஹூ பி ஈட்டிங் குக்கீஸ்?"னு கேட்டதும், இந்த பேச்சுல வளர்ந்த கறுப்பினப் பிள்ளைங்க நிறைய பேர் படுத்திருக்கிற குக்கி மான்ஸ்டரைக் காட்டுதுங்க. வாய் காலியா இருந்தா என்ன, வழக்கமாத் தின்னுறது அதுதானே! வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்கு அந்த வித்தியாசம் பிடிபடல, பெரும்பாலும் எல்மோவையே காட்டுச்சுங்க. இப்ப சொல்லுங்க, யாருக்கு கிராமர் தெரியல?

இது கோர்ட்டு வரைக்கும் போன விஷயம். மிச்சிகன் மாநிலத்துல ஆன் ஆர்பர்ங்கிற ஊர்ல, வீட்டு பேச்சை வச்சு பிள்ளைங்களை மந்தபுத்தின்னு ஒதுக்குறாங்கன்னு வழக்கு போட்டாங்க. 1979-ல நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பு சொன்னாரு: பிள்ளைங்க வீட்டுல பேசுற பேச்சு என்னன்னு டீச்சர்கள் தெரிஞ்சுக்கிட்டு, அதைக் கணக்குல எடுத்துத்தான் படிக்கச் சொல்லிக் குடுக்கணும், அதுக்கு பள்ளி நிர்வாகம் திட்டம் போடணும்னு. 1996 டிசம்பர்ல கலிபோர்னியாவுல ஓக்லாந்து பள்ளி வாரியம் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு தீர்மானம் போட்டப்ப, டிவியில பேப்பர்ல எல்லாம் போட்டுக் கிழிச்சாங்க. அடுத்த மாசமே அமெரிக்க மொழியியல் சங்கம் கூடி, இந்த பேச்சுக்கு ஒழுங்கான ரூல் இருக்குன்னு அதிகாரபூர்வமா சொல்லிருச்சு. எத்தனை பேர் காதுல விழுந்துச்சோ.

உங்க பேரன் விஷயத்துக்கு வர்றேன். அவன் பரீட்சையில என்ன எழுதுறான்னு பாருங்க. அங்க இஸ் போட்டிருந்தா விட்டுருங்க, ரெண்டு பேச்சு தெரிஞ்ச பையன் அவன். ஒண்ணு மட்டும் அவன்கிட்ட சொல்லலாம், அந்த பேச்சு ஒரு சமூகத்தோட வீட்டு மொழி, அதுல பிறக்காதவன் ஸ்டைலுக்குன்னு போட்டா சில பேருக்கு கிண்டல் பண்ற மாதிரி படும்.

லீட்ஸ்ல இருக்கோம். பக்கத்து வீட்டுக்காரர் "ஐ வேர் சாட் தேர்"ங்கிறார். ஒரே வாக்கியத்துல ரெண்டு தப்பு. என் பொண்ணு கத்துக்குமோன்னு பயமா இருக்கு.

கத்துக்கும், கட்டாயம் கத்துக்கும். உங்க லீட்ஸ் இருக்கிற யார்க்‌ஷயர்ல ஐ, ஹி, ஷி எல்லாத்துக்கும் வேர் போடுறது பழைய வழக்கம். லண்டன் பக்கம் அதையே தலைகீழா "வி வாஸ்"னு போடுவாங்க. "வாஸ் சாட்", "வாஸ் ஸ்டுட்" ரெண்டும் வடக்கு இங்கிலாந்து பேச்சு, சிட்டிங் ஸ்டேண்டிங்குக்குப் பதிலா. இப்ப தெற்கேயும் பரவி பிபிசியிலயே காதுல விழுது.

அது இருக்கட்டும், நாரிச் கதை தெரியுமா உங்களுக்கு? நான் பிள்ளைங்களுக்கு ஷி கோஸ், எஸ் போடு எஸ் போடுன்னு தொண்டை வத்த கத்துறேனே, இங்கிலாந்துலயே கிழக்குப் பக்கம் நாரிச் இருக்கிற நார்ஃபோக்ல எஸ் கிடையாது, "ஷி கோ", "ஹி லைக் இட்". அந்த ஊர்லயே பிறந்த பீட்டர் ட்ரட்கில்ங்கிற மொழியியல்காரர் நாரிச்ல 60 பேர்கிட்ட பேசிப் பதிவு பண்ணி 1974-ல புஸ்தகமாப் போட்டாரு. பேச்சுல எஸ் விடுறது வசதியான நடுத்தர வர்க்கத்துல பூஜ்யம், அடிமட்டத் தொழிலாளி வர்க்கத்துல 97 சதவீதம். ஒரே ஊரு, ஒரே ஆறு. ஏன் அங்க மட்டும்னு அவர் ஒரு காரணம் சொல்றாரு, அது அவரோட ஊகம்தான்: 1565-லேர்ந்து டச்சு, பிரெஞ்சு பேசுற நெசவாளிங்க அகதிகளா நாரிச்சுக்கு வந்து, கொஞ்ச வருஷத்துல ஊர்ல மூணுல ஒரு பங்கு அவங்கதான்னு ஆயிருச்சு. புதுசா இங்கிலீஷ் கத்துக்கிட்டவங்களுக்கு எஸ் தடுக்குச்சு, அதே சமயம் ஊர்க்காரங்க வாயிலயும் "ஷி கோயெத்"னு பழைய எத்-ஆ, "ஷி கோஸ்"னு புது எஸ்-ஆன்னு குழப்பம் ஓடிட்டிருந்த நேரம், எதுவும் வேணாம்ங்கிறது ஜெயிச்சுருச்சு. எனக்கு இந்த ஊகம் பிடிச்சிருக்கு, நம்ம பிள்ளைங்க எல்லாம் அந்த நெசவாளிங்க பக்கம்தான்.

பெல்ஃபாஸ்ட்காரர் பேச்சு இன்னும் நமக்கு நெருக்கம். "தி எக்ஸ் இஸ் க்ராக்ட்"ங்கிறார், நாமளும் "முட்டையெல்லாம் உடைஞ்சிருக்கு"ங்கிறோம், யாரு "உடைந்திருக்கின்றன"ன்னு சொல்றா? ஆனா அவர் எக்ஸை எடுத்துட்டு தே போட்டா உடனே "தே ஆர் க்ராக்ட்"னு மாறிடுவார், "தே இஸ்"னு வரவே வராது. பேர்ச்சொல் வந்தா இஸ், தே வந்தா ஆர். ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்துல இடைக்காலத்துலேர்ந்தே ஓடுற ரூல் இது.

அலபாமா கஸ்டமர் "ஐ மைட் குட் கம் ஆன் தர்ஸ்டே"ன்னார். வருவாரா மாட்டாரா?

வந்தாலும் வரலாம், நம்பி காபி போட்டு வைக்காதீங்க. மைட்டும், கேன் - குட்னு வர்ற அந்த குட்டும் சேந்து வர்றது அமெரிக்கத் தெற்குல சகஜம், "என்னால முடியும்னு நினைக்கிறேன், பாக்கலாம்"னு ஒரு இழுவை. முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லாம தப்பிக்கிற மரியாதை இது. "மைட் ஷுட்"னும் வரும், "யூஸ்ட் டு குட்"னும் வரும். ஆனா "குட் மைட் கம்"னு புரட்டிப் போட்டா அவங்களே முழிப்பாங்க, மைட்தான் முன்னாடி. ஸ்காட்லாந்து எல்லைப் பக்கமும் ரெண்டு துணை வினை சேத்து "ஹி வில் கேன் கம்"னு பேசுறவங்க இருந்திருக்காங்க, அதாவது வர முடியும் அவரால. வில்லுக்குப் பின்னாடி கேன் வரவே கூடாதுன்னு நான் எத்தனை பேப்பர்ல அடிச்சிருப்பேன்!

ரெண்டு நெகட்டிவ் வந்தா பாசிட்டிவ் ஆயிடும்தானே? "ஐ டோன்ட் நோ நத்திங்"னா எல்லாம் தெரியும்னுதானே அர்த்தம்?

கணக்கு கிளாஸ்ல. 14-ஆம் நூற்றாண்டுல சாசர்ங்கிற இங்கிலீஷ் கவிஞர் ஒரு வீரனைப் புகழும்போது ஒரே வாக்கியத்துல நாலு நெகட்டிவ் அடுக்குறாரு, அவன் யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதே இல்லன்னு அழுத்திச் சொல்ல. அது அப்ப நல்ல இங்கிலீஷ். ரெண்டு நெகட்டிவ் ஒண்ணையொண்ணு அடிச்சிரும்ங்கிறது 18-ஆம் நூற்றாண்டுல ராபர்ட் லௌத் மாதிரி ஆளுங்க கிராமர் புஸ்தகத்துல போட்டு கெட்டிப்படுத்தினது. அவர் பாதிரியார், பின்னாடி லண்டன் பிஷப். 1762-ல வந்த அவர் புஸ்தகம்தான் "யூ வாஸ்"ங்கிறதையும் திட்டித் தீத்துச்சு. அதுவரைக்கும் ஒருத்தரைப் பாத்துப் பேசும்போது படிச்சவங்களே நிறைய பேர் யூ வாஸ்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. இன்னிக்கு பரீட்சையில ரெண்டு நெகட்டிவ் போட்டா மார்க் போயிரும், அது வேற விஷயம். தெருவுல ஒருத்தர் "ஐ டோன்ட் நோ நத்திங்"னு சொன்னா அவருக்கு எதுவுமே தெரியாது, அவ்வளவுதான், தோண்டித் தோண்டிக் கேக்காதீங்க.

கமெண்ட்ரியில "இங்கிலாந்து ஆர் பேட்டிங்"ங்கிறாங்க. இஸ் இல்லையா?

பிரிட்டிஷ்ல டீமை பதினோரு பேரா நினைச்சா ஆர், ஒரே கூட்டமா நினைச்சா இஸ். அமெரிக்காவுல டீம், கமிட்டி, கவர்ன்மென்ட் எல்லாம் பெரும்பாலும் இஸ்தான்.

ஐஎல்ட்ஸ் எழுதப் போறேன். பிரிட்டிஷா அமெரிக்கனா? பயமா இருக்கு டீச்சர்.

ரெண்டையும் ஏத்துப்பாங்க தம்பி, ஒண்ணை எடுத்தா கடைசி வரைக்கும் அதுலயே நில்லு. பர்ன்ட், லேர்ன்ட்னு டி போட்டு எழுதிட்டு அடுத்த பத்தியில பர்னுக்கு ஈடி போடாதே. ஒரே ஒரு இடம் மட்டும் உஷாரா இரு. "தே இன்சிஸ்டட் தட் ஹி லீவ்"னு எஸ் இல்லாம எழுதினா அவன் போயே ஆகணும்னு அடம் பிடிச்சாங்க, அமெரிக்கன் ஸ்டைல், சுத்தமான கிராமர். பிரிட்டிஷ்ல "ஷுட் லீவ்"னு போடுவாங்க, சிலர் "தட் ஹி லெஃப்ட்"னே போட்டுருவாங்க, அதை அமெரிக்கர் படிச்சா அவன் ஏற்கனவே போயிட்டான்னு சாதிச்சாங்கன்னு எடுத்துப்பார். நீ ஷுட் போட்டு எழுது, எந்த ஊர் எக்ஸாமினரும் தடுமாற மாட்டார்.

கடைசியா ஒரு சின்ன டவுட். டப்ளின்ல என் ரூம்மேட் "ஐயாம் லேட், ஆமன்ட் ஐ?"ன்னு கேட்டா. அப்படி ஒரு வார்த்தை இருக்கா?

இருக்கு, அயர்லாந்துலயும் ஸ்காட்லாந்துலயும். ஆம் கூட நாட் சேந்தா ஆமன்ட், நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க. மத்த ஊர்ல அதை "ஆரன்ட் ஐ"ன்னு சொல்லுவாங்க, நானும் அதைத்தான் பாடத்துல வச்சு நடத்துறேன். "ஐ ஆர் லேட்"னு எழுதினா சைபர் போடுவேன், அதே பேப்பர்ல "ஆரன்ட் ஐ"ன்னு எழுதினா முழு மார்க். ஏன் டீச்சர்னு போன வாரம் ஒரு ஏழாங்கிளாஸ் பொண்ணு கேட்டா, பெல் அடிச்சிருச்சு, தப்பிச்சேன்.